ஒருமுறை பேனிக் அட்டாக் வந்த பிறகு வெளியே போகவே பயமாக இருப்பது ஏன்?

கடை வரிசையில் நின்றபோது ஒருமுறை பேனிக் அட்டாக் (திடீரென மூளும் கடும் பயம்) வந்தது, இப்போது தெருமுனைக்குக்கூடத் தனியாகப் போக முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் பயம் தெருவைப் பார்த்து அல்ல. அங்கே மறுபடி வந்தால் தப்பிக்க முடியாதே என்பதுதான். இதற்குப் பெயர் அகோராபோபியா. 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு) இதைப் பேனிக் கோளாறிலிருந்து தனிக் கோளாறாகவே பிரித்துவிட்டது.

அட்டாக்கின்போது அட்ரினலின் எகிறுகிறது, மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல்நுனி மரத்துப்போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் இதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அதற்குள் நாம் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறோம். "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. எங்கே போனாலும் கதவோரமாகவே உட்காருவது, பையில் மாத்திரை இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்ப்பது எல்லாம் அதே கணக்குதான்.

சிகிச்சை இதைத் தலைகீழாக்குகிறது. முதலில் வாசல், பிறகு தெருமுனை, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் கடை. பதற்றம் ஏறினாலும் அது தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஒரு மனநல நிபுணர் துணையோடு செய்வது நல்லது. ("தைரியமா இரு" என்று சொல்பவர்களைவிட, பேசாமல் கூட நிற்பவரே உதவி.) எஸ்எஸ்ஆர்ஐ (மூளையின் செரடோனின் என்ற வேதிப்பொருள் வழியாகப் பதற்றத்தைக் குறைக்கும்) மருந்துகளும் உண்டு, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதயம், தைராய்டு பரிசோதனை செய்யவில்லையென்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.