வெயில் மேல் பழி

அன்புள்ள ஐயா,
என் அக்கா மகனுக்கு 16 வயது. விடுமுறையில் சொந்த நிலத்தில் மருந்து அடிக்கிறான். சாயங்காலமானால் தலைவலி, சில நாள் வாந்தி. வெயில்தான் காரணம் என்கிறார் அத்தான். நான் ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். அது போதுமா? இதற்கு வயது வரம்பு உண்டா? டிராக்டரும் ஓட்டுகிறான், அதுவும் பயமாக இருக்கிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பையன் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் "வெயில்தான்" என்று அத்தான் சொன்னதும் நீங்களும் பேசாமல் இருந்துவிட்டீர்களே, அதுதான் கோபம் வருகிறது. கொஞ்ச நாளாகவே இந்த வெயில் சமாதானம் எனக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

பதினைந்து வயதில் நானும் முதுகில் மருந்து டேங்க் சுமந்தவன். மூடி சரியாக இறுகாது. நடக்க நடக்கச் சிந்தி முதுகு நனையும். அந்த வெக்கையில் ஜில்லென்று இருந்ததால் எனக்கு அது பிடித்துவேறு இருந்தது. நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவோம். ஒருநாள் வாந்தி எடுத்து, எச்சில் ஊறி ஊறி வழிய, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிழலில் படுக்கவைத்து "வெயில் தாங்காத பையன்" என்றார்கள். தாங்குவேன் என்று காட்டுவதற்காகவே மறுநாளும் போனேன். அந்த வயது அப்படித்தான். தலை சுற்றுகிறது என்று சொல்வதே தோல்வி.

தலைவலி, வியர்வை, மயக்கம், வாந்தி எல்லாம் வெயிலிலும் வரும், பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்திலும் வரும். ஆனால் கண்ணின் பாப்பா ஊசிமுனைபோல் சுருங்குவதும், எச்சிலும் கண்ணீரும் கொட்டுவதும், தசை துடிப்பதும் மருந்தின் அடையாளங்கள். நரம்புச் சைகையை நேரத்தோடு நிறுத்தும் அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை (என்சைம்) அது முடக்குகிறது. பூச்சிக்கும் நமக்கும் அந்த நொதி பொது. முடங்கியது முழுதாக மீள வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பையன் மறுபடி டேங்கைத் தூக்கினால் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும், முன்பு தாங்கிய அளவே பிறகு ஆளைச் சாய்க்கும். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சூடேறி வியர்த்த தோல் மருந்தை இன்னும் சுலபமாக உள்ளே விடும். அப்படியானால் வெயில் அதிகம் என்பது மருந்தைச் சந்தேகிக்க இன்னொரு காரணம்தானே? உங்கள் வீட்டில் அதையே மருந்துக்கு நற்சான்றாக ஆக்கிவிட்டீர்கள்.

முகக்கவசமாம்! மருந்து அடிப்பவருக்குப் பெரும்பகுதி நஞ்சு தோல் வழியாகத்தான் போகிறது. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து அளந்து 1971-ல் வெளியிட்டார்கள். முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போல் பத்து மடங்குக்கு மேல் விரைப்பைத் தோல் உறிஞ்சியது. இடுப்புக்குக் கீழே நனைந்த கால்சட்டையோடு சாயங்காலம்வரை நிற்கும் பையனுக்கு மூக்கை மட்டும் மூடி என்ன பயன்?

வயது வரம்பு கேட்டீர்கள். ஆபத்தான வேலைக்கு 18 என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973 உடன்படிக்கையே சொல்கிறது. அமெரிக்காவில் 2015-ல், மருந்து கலக்கவும் அடிக்கவும் 18 ஆகியிருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள், நில உரிமையாளரின் சொந்தக் குடும்பத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்து. பெற்ற பிள்ளையின் தோல் என்ன, வேறு தோலா? அத்தானும் இதைத்தான் சொல்வார், "நம்ம நிலம், நம்ம பையன்" என்று. கூலிக்குப் போனவனாவது ஒருநாள் வேலையை விட்டு நின்றுவிடலாம். அப்பாவிடம் எப்படி நிற்பான்?

டிராக்டரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: இன்ஜின் விசையை இணைத்த கருவிக்குக் கொண்டுபோகப் பின்பக்கம் சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு உறை இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று. தொளதொள உடையின் நுனி மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

இனி வாந்தி வந்தால் நனைந்த உடையை உடனே கழற்றி, சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் குளிக்க வையுங்கள். கழுவிவிடுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். டப்பாவின் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், மருந்து அடித்துவிட்டு வந்தவன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரும் வெயில் என்று சொல்லிவிடக்கூடும்.

பிறகு யார்தான் மருந்து அடிப்பது என்று அத்தான் கேட்பார். அவரே அடிக்கட்டும். கையுறை, பூட்ஸ், முழு உடை எல்லாம் போட்டுக்கொண்டுதான், அந்த வெக்கையிலேயே.