ஸ்டேஷன் கார் பார்க்கில் டிக்கெட்டா? கட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம்

இந்த முறை எல்லாமே ரயில்வே ஸ்டேஷன் கார் பார்க்கில் பார்க்கிங் கம்பெனிகள் போடும் டிக்கெட் பற்றிய புலம்பல்கள்தான். பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

கேள்வி: ஆப்பில் அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன். ஆனால் கார் நம்பரில் சைபருக்குப் பதில் ஓ எழுத்தைப் போட்டிருக்கிறேன். 100 பவுண்டு கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். பார்க்கிங் கம்பெனிகள் சேர்ந்திருக்கும் சங்கங்களின் விதிப்படியே, ஓர் எழுத்து மாறிய மாதிரியான சின்னப் பிழை என்றால் முதல் அப்பீலிலேயே ரத்து செய்ய வேண்டும். ஆப் ரசீதை இணைத்து இரண்டு வரி எழுதினால் போதும். வீட்டிலுள்ள இன்னொரு காரின் நம்பரையே போட்டுவிட்டீர்கள் என்றால் அது பெரிய பிழை, அதற்கும் 20 பவுண்டுக்கு மேல் கேட்கக் கூடாது.

கேள்வி: கார் என் பெயரில் இருக்கிறது, ஓட்டியது மகள். "யார் ஓட்டியது, சொல்லுங்கள்" என்று லெட்டர் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், அவசரப்பட்டுப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணத் தனியார் கார் பார்க்கில் ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் பதிவு உரிமையாளரிடமே பணம் கேட்க 2012-ஆம் ஆண்டு Protection of Freedoms Act என்ற சட்டத்தின் நான்காம் அட்டவணை வழி செய்கிறது. ஆனால் ரயில்வே பைலாவுக்கு, அதாவது ரயில்வேக்கென்றே உள்ள தனி விதிகளுக்கு, உட்பட்ட நிலத்துக்கு அந்த அட்டவணை பொருந்தாது, பெரும்பாலான ஸ்டேஷன் கார் பார்க்குகள் அப்படிப்பட்ட நிலம்தான். ஆகவே அப்பீலில் "பதிவு உரிமையாளராக எழுதுகிறேன், இது ரயில்வே பைலாவுக்கு உட்பட்ட இடம், 2012 சட்டப்படி என்னிடம் வசூலிக்க முடியாது, ஓட்டியவர் பெயரைச் சொல்லும் கடமையும் எனக்கில்லை" என்று எழுதுங்கள், அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டாம், "நான் நிறுத்தினேன்" என்று வாயை விடவும் வேண்டாம். கம்பெனி மறுத்தால் அது சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து பாப்லா (POPLA) அல்லது ஐஏஎஸ் (IAS) என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லா என்றால் 28 நாள் அவகாசம், கட்டணம் கிடையாது, தீர்ப்பு கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல.

இரண்டு எச்சரிக்கை. ஸ்டேஷனை ஒட்டியிருப்பதெல்லாம் ரயில்வே நிலம் ஆகிவிடாது. பக்கத்துக் கடைக்காரர்களின் கார் பார்க்கில் விட்டுவிட்டு ரயிலேறினால் இந்த வாதம் நிற்காது. செம்ஸ்ஃபர்டில் ஒரு ரீட்டெயில் பார்க்கில் போட்ட 85 பவுண்டு கட்டணம் சரிதான் என்று 2015-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்புறம், கையிலிருக்கும் காகிதத்தின் தலைப்பையும் பாருங்கள். "பெனால்டி நோட்டீஸ்" என்று போட்டு பைலா 14-ஐக் காட்டியிருந்தால் அது வேறு விவகாரம். அங்கே காரின் சொந்தக்காரரையே பிடிக்கலாம், வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போகும், அதையும் ஆறு மாதத்துக்குள் தொடர வேண்டும். அங்கே விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், கம்பெனிக்கு அதில் ஒரு பென்னி கிடையாது, அதனால்தான் பலர் மிரட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சம்மன் என்று ஒன்று வந்துவிட்டால் அசட்டையாக இருக்காதீர்கள்.

கேள்வி: மெஷின் வேலை செய்யவில்லை, போனில் சிக்னலும் இல்லை. என்ன செய்வது?

மெஷின் திரையை அதன் நம்பரோடு படம் எடுங்கள், கட்டண போர்டையும் எடுங்கள், போனில் சிக்னல் இல்லாததை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தவரை கார் பார்க்கை விட்டு வெளியேறும் முன் கட்டிவிடுங்கள். உள்ளே வந்து ஐந்து நிமிஷத்துக்குள் கட்டவில்லை என்று டிக்கெட் போடுவதற்கு எதிராக 2025 பிப்ரவரியில் சங்க விதியை மாற்றியிருக்கிறார்கள், கிளம்பும் முன் கட்டியவர்களுக்கு அது துணை.

கேள்வி: ரயில் ரத்தாகி நேரம் கழித்துத்தான் காரை எடுக்க முடிந்தது.

பத்து நிமிஷம் சலுகை உண்டு, அதைத் தாண்டினால் ரயில் கம்பெனிக்கே எழுதுங்கள். பார்க்கிங்காரரை வேலைக்கு வைத்தது அவர்கள், தாமதமும் அவர்களுடையது. தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்டிருந்தால் அந்த மின்னஞ்சலே நல்ல சாட்சி.

கேள்வி: டெட் கலெக்டரிடமிருந்து (கடன் வசூலிக்கும் கம்பெனி) 170 பவுண்டு கேட்டு லெட்டர். வீட்டுக்கு வந்து டிவியைத் தூக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். அவர்கள் கோர்ட் உத்தரவோடு பொருளை எடுத்துப்போகும் பெய்லிஃப் அல்ல, லெட்டர் எழுதுவது தவிர அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. கவுண்டி கோர்ட்டின் கிளெய்ம் ஃபார்ம் வந்தால் மட்டும் அன்றைக்கே எழுந்து உட்காருங்கள். 14 நாளுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்துவிட்டால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பதிலே சொல்லாவிட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு விழுந்து கிரெடிட் பாழாகும். வீடு மாறியும் கார் லாக் புக்கில் (பதிவுச் சான்றில்) பழைய முகவரியே இருக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள், லெட்டர் எல்லாம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும்.

கேள்வி: போர்டில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் கட்டலாமா?

வேண்டாம். 2023-இல் தோர்னபி ஸ்டேஷனில் போலி ஸ்டிக்கரை ஸ்கேன் செய்த ஒருவர் 13,000 பவுண்டு இழந்தார். ஆப்பை நேராக ஆப் ஸ்டோரிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.