மூன்று லட்சம் கட்டுவதற்கு முன்னால் பையனைக் கேளுங்கள்

அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மகன் ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு. டேட்டா சயின்ஸ் படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா சொல்லிவிட்டாராம். கட்டணம் மூன்று லட்சம். நகையை அடகு வைக்கலாமா என்று அந்த அம்மா கேட்டார்.

வைக்காதீர்கள் அம்மா. பையனுக்கு அதில் ஆசை இருந்தாலாவது யோசிக்கலாம். அவன் ரிச்சி தெருவில் சென்சார் வாங்கி, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் மாட்டி, ராத்திரியெல்லாம் உட்காருகிறவன். வட்டி கட்டப்போவது நீங்கள், பெரியப்பா அல்ல.

எம்.எஸ்., கேட், ஐ.டி. வேலை எல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்தவை. லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவர், அதாவது சென்சார் மாதிரி ஒரு கருவியை இயக்கும் புரோகிராம், எழுதும் வேலையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதில் நுழைய நல்ல வழி, டிரைவர் காட்டும் அளவுகளுக்கு அலகு எழுதிவைப்பது.

கெர்னல் ஒவ்வொரு சென்சார் அளவையும் ஒரு குட்டி ஃபைலாகக் காட்டும். உள்ளே வெறும் எண்தான். எல்எம்75 என்ற வெப்பநிலை சிப் தரும் எண்ணில் ஒரு படி அரை டிகிரி. 85 படி என்றால் 42.5 டிகிரி. இத்தகைய சென்சார்களுக்கான ஹெச்டபிள்யூமான் என்ற கெர்னல் பிரிவில் அது 42500 என்று வரும், அதாவது மில்லிடிகிரி. பேட்டரிகளுக்கான பிரிவிலோ அதே சூடு 425, அதாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. வோல்டேஜும் அப்படித்தான்: ஹெச்டபிள்யூமானில் மில்லிவோல்ட், பேட்டரிப் பிரிவில் மைக்ரோவோல்ட். அலகு எழுதாத இடத்தில் புரோகிராம் எழுதுபவர் ஊகிக்கிறார். ஊகம் தப்பினால் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பிழை. பலர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அந்த எண்ணை மாற்றவும் விடமாட்டார்கள். அதனால் அலகை முதலிலேயே எழுதிவைப்பது அவ்வளவு முக்கியம்.

பையன் செய்ய வேண்டியது: ஒரு டிரைவரை எடுத்து, சிப் தயாரித்தவர் தரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டு, எந்த எண்ணால் பெருக்குகிறது என்று பார்த்து, விடுபட்ட அலகை டாக்குமென்டேஷனில் சேர்த்து, அந்த மாற்றத்தை மட்டும் பேட்ச் என்ற ஃபைலாக மெயிலில் அனுப்புவது. யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் கெர்னலிலேயே இருக்கிறது. திருத்தச் சொல்வார்கள், திருத்தி மறுபடி அனுப்பட்டும். ஏற்றுக்கொண்டால் அவன் பெயர் கெர்னல் வரலாற்றில் நிற்கும். இன்டர்வியூவில் அதைத் திறந்து காட்டலாம்.

செலவு? பழைய லேப்டாப்பும் இன்டர்நெட்டும் போதும். ஒரே பேட்ச்சில் வேலை கிடைத்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழி நன்றாக வர வேண்டும், டேட்டாஷீட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அப்புறம் சின்ன பிழைத் திருத்தம், பிறகு சொந்த டிரைவர் என்று போகலாம். வரும் செமஸ்டர் லீவில், கையில் இருக்கும் சென்சாரின் டிரைவரிலேயே ஆரம்பிக்கட்டும்.