கேமராவுக்குப் பின்னால் வரும் நடிகர்கள்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 48 வயது. கதாநாயகன் வேடம் நின்று ஐந்து வருஷமாகிறது. இப்போது அண்ணன், அப்பா, போலீஸ் அதிகாரி என்றுதான் அழைக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் நடித்துவிட்டு, வாய்ப்பு குறைந்ததும் டைரக்‌ஷன் பக்கம் போகலாமா?

அப்படித் தள்ளிப் போடாதீர்கள். வாய்ப்பு குறைந்த பிறகு போனால், தயாரிப்பாளரின் கதவைத் திறக்கும் பெயரும் சேர்ந்து குறைந்திருக்கும். கால்ஷீட் கேட்டு ஆட்கள் உங்களைத் தேடி வரும்போதுதான் உங்களுக்காக இன்னொரு நடிகர் தேதி தருவார், ஒளிப்பதிவாளர் போனை எடுப்பார். எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' (1958) எடுத்தபோது அவருக்கு 41 வயது, நடிகராக உச்சத்தில் இருந்தார். ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் முதல் படத்தை இயக்கியது 1971-இல், 40-களின் தொடக்கத்தில். அதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்குங்கள். கதை, பவுண்ட் ஸ்கிரிப்ட் (வசனம் உட்பட முழுதாக எழுதி முடித்த ஸ்கிரிப்ட்), கற்றல் எல்லாம் சேர்ந்து எப்படியும் இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதுவரை அப்பா வேடங்களை விடாதீர்கள்.

கேள்வி: சார், முப்பது வருஷம் செட்டில் நின்றிருக்கிறேன். இனிமேல் யாரிடமாவது அசிஸ்டென்டாகப் போக வேண்டுமா?

வேண்டும். ஜப்பானின் முன்னணி நடிகை கினுயோ தனாகா 1953-இல் முதல் படம் இயக்குவதற்கு முன், அதே வருஷம் இயக்குநர் மிகியோ நருசேயின் படத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். அப்போது அவருக்கு வயது 43.

நடிகர் செட்டில் இருப்பது ஷாட் ரெடி ஆன பிறகு. லைட்டிங் நடக்கும் நேரம் முழுக்க கேரவனில் இருப்பார். ஒரு நாளின் பெரும்பகுதி போவதே அந்த லைட்டிங்கில்தான். ஆகவே நடிப்பை ஆழமாகத் தெரிந்தவருக்கும் இரண்டு விஷயம் தெரியாமல் போகிறது: நேரம் எங்கே கரைகிறது, ஒரு ஷாட் எடிட்டில் எதோடு ஒட்டுகிறது.

ஒரு படத்தில் முழுதாக உட்காருங்கள். லொகேஷன் பார்ப்பதிலிருந்து, ஷாட் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஷூட்டிங்கில் ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: கேமரா வைத்த நேரம், முதல் டேக் ஓடிய நேரம், லென்ஸ், எத்தனை டேக், எந்த டேக் ஓகே. பத்து நாள் எழுதினால் புரிந்துவிடும். நான்கு பேர் பேசும் காட்சியில் மாஸ்டர் ஷாட்டுக்கு (எல்லோரும் தெரியும் அகலமான ஷாட்) ஒன்றரை மணி நேரம், அடுத்து ஒவ்வொரு குளோஸ்-அப்புக்கும் அரை மணி, பின்னணியை மாற்றித் திருப்பி எடுக்கும்போது மறுபடியும் ஒரு மணி என்று போகும். 120 பக்க ஸ்கிரிப்ட், 40 நாள் ஷெட்யூல் என்றால் தினம் 3 பக்கம் முடித்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 15 ஷாட்தான் கைக்கு வரும் என்று தெரிந்தவர், 28 ஷாட் பிரித்துக்கொண்டு ஸ்பாட்டுக்குப் போக மாட்டார்.

அதன் பிறகு எடிட்டர் பக்கத்தில் ஒரு மாதம். அதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் பாதிப் பாடம்தான்.

கேள்வி: லென்ஸ், இமேஜினரி லைன் இரண்டும் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. ஆனால் நானாக ஷாட் வைக்கும்போது குழம்புகிறது.

லென்ஸை ஒரு மதியத்தில் கற்கலாம். ஒருவரை ஜன்னல் முன்னால் நிறுத்துங்கள். முகம் ஃபிரேமில் ஒரே அளவு வரும்படி முதலில் 24 எம்எம், பிறகு 50, பிறகு 85 வைத்து எடுங்கள். 24-இல் நீங்கள் முகத்துக்கு மிக அருகில் போக வேண்டிவரும். மூக்கு முன்னால் துருத்தும், காது பின்வாங்கும், பின்னால் அறை முழுக்கத் தெரியும். 85-இல் தள்ளி நிற்பீர்கள், முகம் தட்டையாக அமைதியாக இருக்கும், ஜன்னல் தோளுக்குப் பின்னால் நெருங்கி வந்து நிற்கும். முகத்தின் இந்த மாற்றத்தைச் செய்வது லென்ஸ் எண்ணை விட, கேமரா நிற்கும் தூரம். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஒளிப்பதிவாளரோடு பேசும் பேச்சே மாறிவிடும்.

லைனுக்கு ஒரு மேசை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் அப்பா, வலது கோடியில் மகன், நடுவில் எதிர்ப்பக்கம் மகள். சண்டை அப்பாவுக்கும் மகனுக்கும். அவர்கள் இருவரையும் இணைக்கும் கோடுதான் லைன். கேமரா மேசைக்கு இந்தப் பக்கமே இருக்கும்வரை அப்பா வலது பார்ப்பார், மகன் இடது பார்ப்பான். 'மகள் பார்வையில் இருந்து ஒரு ஷாட்' என்ற ஆசையில் கேமராவை அவள் பக்கம் கொண்டுபோய் மகனுக்கு சஜஷன் (எதிராளியின் தோள் வழியாக முகத்தைக் காட்டும் ஷாட்) வைத்தால், அவன் வலது பார்ப்பான். எடிட்டில் இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்த்துப் பேசுவது போல இருக்கும். தப்பிக்க வழி உண்டு. மகள் குறுக்கிடும் வரியில் அப்பா அவள் பக்கம் தலை திருப்புவதை ஒரே ஷாட்டில் காட்டுங்கள். அந்தத் திரும்பலுக்குப் பிறகு அப்பா–மகள் என்று புதுக் கோடு கிடைத்துவிடும், கேமரா அதை வைத்து இடம் மாறலாம். ஸ்பாட்டில் சந்தேகம் வந்தால் வாதாட வேண்டாம், இடது பார்ப்பது, வலது பார்ப்பது என்று இரண்டு லுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போகும், காட்சி பிழைக்கும்.

கேள்வி: முதல் படத்தில் நானே நடிக்கலாமா? தயாரிப்பாளர் அதைத்தான் கேட்கிறார்.

முடிந்தால் வேண்டாம். ராபர்ட் ரெட்ஃபோர்ட் ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரமாக இருந்தும், தன் முதல் படத்தில் (1980) நடிக்கவில்லை. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்கே கிடைத்தது. கெவின் காஸ்ட்னர் 1990-இல் முதல் படத்திலேயே நடித்து, இயக்கி அதே விருதை வாங்கியிருக்கிறார். ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் விலை பெரிது.

மேக்கப், உடைக்கு நீங்கள் உட்காரும் ஒன்றரை மணி நேரம் செட்டுக்கு இயக்குநர் இல்லை. டேக் முடிந்ததும் மானிட்டருக்கு ஓடி, ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்தால் ஷாட்டுக்கு ஐந்து நிமிஷம், 15 ஷாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போச்சு. (நடித்துக்கொண்டே தன்னைப் பார்க்க வீடியோ கேமராவைக் கூடவே வைக்கும் முறையை ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் 1960-இல் பயன்படுத்தியதே இந்தச் சிக்கலுக்காகத்தான்.) அதைவிட மோசமான ஒன்று உண்டு. யூனிட் காத்திருக்கிறதே என்ற கூச்சத்தில் மற்றவர்களுக்கு ஏழு டேக் தருபவர், தனக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வார். எடிட்டில் பலவீனமாக நிற்பது அவர் முகமாகவே இருக்கும்.

நடித்தே ஆக வேண்டுமென்றால்: முதல் மூன்று நாளில் உங்கள் காட்சி வேண்டாம். உங்கள் உயரமுள்ள ஒருவரை வைத்து எல்லா ஷாட்டையும் ஒத்திகை பார்த்து, லைட்டிங்கை முடித்துவிட்டு நீங்கள் போய் நில்லுங்கள். உங்கள் டேக்கைப் பார்த்து 'இன்னொன்று போகலாம்' என்று சொல்லும் அதிகாரத்தை ஒரே ஒருவருக்கு, அசோசியேட்டுக்கோ வசனகர்த்தாவுக்கோ, முன்பே கொடுங்கள். அவர் சொன்னால் மறுக்கக் கூடாது. திரும்பப் பார்ப்பது ஓகே ஆன டேக்கை மட்டும்.

கேள்வி: நடிகர்களிடம் வேலை வாங்குவதாவது நமக்கு எளிதாக வரும் இல்லையா அண்ணே?

பெரும்பாலான நடிகர்-இயக்குநர்கள் தடுமாறும் இடமே அதுதான். கைவசம் இருக்கும் வித்தையை நடித்துக் காட்டிவிடுவார்கள். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துச் செய்வார். படத்தில் ஆறு பேர், ஆறு பேரும் உங்களைப் போலவே மூச்சு இழுத்துப் பேசுவார்கள்.

வேலை போன கடிதத்தோடு ஒருவர் வீட்டுக்குள் வருகிறார், மனைவி உள்ளே இருக்கிறாள் என்று வையுங்கள். 'இன்னும் சோகமா' என்றால் அவர் முகத்தைத் தொங்கப்போடுவார். 'அவங்க ஹாலுக்கு வர்றதுக்குள்ள அந்தக் கவரை எங்கயாவது ஒளிச்சிடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வேலை வந்துவிடும், கண் வாசலைப் பார்க்கும், சோகத்தைப் பார்ப்பவரே உணர்ந்துகொள்வார். திருத்தம் சொல்வதானால் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், ஒரு டேக்குக்கு ஒன்று மட்டும். மைக்கில் சொல்லாதீர்கள். முப்பது பேர் முன்னால் திருத்தப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஈஸ்ட்வுட் 'ஆக்‌ஷன்' என்று கத்துவதில்லை, மெதுவாகத் தொடங்கச் சொல்வார். அந்தச் சத்தத்தில் குதிரைகள் மிரள்வதைக் கவ்பாய் படங்களில் பார்த்தவர். மனிதர்களும் கொஞ்சம் மிரளத்தான் செய்வார்கள்.

கேள்வி: நடிகைகளுக்கு 35-லேயே வாய்ப்பு சுருங்குகிறது. எங்களுக்கும் இதே கணக்கா?

இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டிய கணக்கு. அநியாயம், ஆனால் நிலவரம் அது. பானுமதி 'சண்டிராணி'யை 1953-இல் மூன்று மொழிகளில் இயக்கியபோது 30 வயதைத் தொடவில்லை. ஹாலிவுட்டில் ஐடா லுபினோ 1949-இல், இயக்குநருக்கு உடல்நிலை கெட்டதால் தன் தயாரிப்பைத் தானே எடுத்து முடித்து, பிறகு தொடர்ந்து இயக்கினார். இருவருக்கும் கைகொடுத்தது சொந்தத் தயாரிப்பு. கதையின் உரிமையாவது உங்கள் பெயரில் இருக்கட்டும், யாரும் உங்களை விலக்கிவிட்டு எடுக்க முடியாது.

கேள்வி: 67 வயதில் முதல் படம் சாத்தியமா?

சாத்தியம். போர்ச்சுகலின் மனுவேல் தி ஒலிவெய்ரா 1933-இல் நடித்தவர், 100 வயதைத் தாண்டியும் படம் இயக்கினார். காப்பீடு எடுக்கும் படங்களில் இயக்குநருக்கு மருத்துவப் பரிசோதனை வரும், அதை எதிர்பாருங்கள். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் 80 வயதில் கடைசிப் படம் எடுத்தபோது, அவசரத்துக்குப் பொறுப்பேற்க இன்னொரு இயக்குநரான பால் தாமஸ் ஆண்டர்சன் செட்டில் இருந்தார். அப்படி ஒருவரை நீங்களே முன்மொழிந்தால் தயாரிப்பாளருக்குத் தைரியம் வரும். இரவுக் காட்சிகளை ஒரே வாரத்தில் சேர்த்துப் போடுங்கள், பகல்–இரவு மாறி மாறி வேண்டாம். இளவயதுக்காரரையே அது சாய்த்துவிடும்.

கேள்வி: முதல் வெட்டு மூன்று மணி நேரம் வந்திருக்கிறது. நல்ல நடிப்பையெல்லாம் எப்படி வெட்டுவது?

இரண்டு வாரம் படத்தைப் பார்க்காமல் இருங்கள். பிறகு ஒலியை மூடிவிட்டு ஒரு முறை பாருங்கள். கதை எங்கே நிற்கிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். நடிகருக்கு எதிராளியின் மௌனம் பிடிக்கும், அதனால் வசனம் முடிந்து இரண்டு மூன்று விநாடி கூடுதலாக விடுவார். காட்சிக்குப் பத்து இடத்தில் அது நடந்தால் அரை நிமிஷம், 60 காட்சிக்கு அரை மணி நேரம். காட்சியைத் தூக்குவதற்கு முன் இந்த வால்களை நறுக்குங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் முன்னால் குறும்படம் எடுப்பது பயன்படுமா?

ஒரே அறை, இரண்டு பேர், ஐந்து பக்கம், ஒரு நாள். நீங்கள் நடிக்கக் கூடாது, தெரிந்த நட்சத்திரமும் வேண்டாம். 12 ஷாட்டுக்கு மேல் பிரிக்காதீர்கள். எடிட்டை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். ஒட்டாத இடங்களைக் காகிதத்தில் எழுதி, அதே ஸ்கிரிப்டை அடுத்த மாதம் வேறு இருவரை வைத்து மறுபடி எடுங்கள். இரண்டாவதை மட்டும் தயாரிப்பாளருக்குக் காட்டுங்கள்.