தறப்பாளும் தாச்சியும் யாருக்கு?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓகஸ்ட் நீண்ட வாரவிறுதியில் நாங்களும் தங்கை குடும்பமுமாக முதல்முறை ஒன்ராறியோவில் உள்ள அல்கொங்குவின் பூங்காவின் உட்பகுதிக்குக் கனூவில் (துடுப்புப் படகில்) போனோம். வழியில் இரண்டு இடங்களில் கனூவையும் சாமான்களையும் தோளில் சுமந்து நடந்து, களைத்துப்போய்ச் சேர்ந்தால், அங்கே கிழிந்த நீலத் தறப்பாள், கால் உடைந்த மடக்குக் கதிரை, கிளையில் தொங்கும் ஒரு தாச்சி, அடுப்புக் குழி நிறைய அலுமினியத் தாளும் போத்தல் துண்டுகளும். ஏலுமானதைக் கொண்டுவந்தோம். தாச்சியை மட்டும், பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்று என் கணவர் விடச் சொன்னார். சரியா?
– ஸ்கார்பரோ வாசகி

பதில்: முதலில் நன்றி அக்கா. முதல் பயணத்திலேயே அடுத்தவர் குப்பையைச் சுமந்து வந்திருக்கிறீர்கள். கொண்டுவர முடியாததை நினைத்து வருந்தவேண்டாம், ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எந்த ஏரி, வரைபடத்தில் அந்தத் தங்குமிடம் எங்கே இருக்கிறது, என்னென்ன கிடக்கிறது என்று பூங்கா அலுவலகத்துக்கு எழுதுங்கள், படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். அந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கும் பெரியது, உட்பகுதியில் குப்பை லொறி ஓட வழி கிடையாது. பணியாளர்களும் உங்களைப் போலத்தான், துடுப்புப் போட்டு, தோளில் சுமந்து வரவேண்டும். போவதற்கு முன்பே என்ன கிடக்கிறது என்று தெரிந்தால் எத்தனை பை வேண்டும், கயிறு வெட்டக் கத்தி வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு போவார்கள்.

தாச்சி விஷயத்தில் உங்கள் கணவரின் எண்ணம் நல்லதுதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு தூரம் வருகிறவர் சமைக்கச் சட்டி இல்லாமலா வருவார்? பழைய எண்ணெய் ஊறிய தாச்சியின் மணம் கரடிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அதோடு, ஒன்று கிடந்தால் இன்னொன்று வந்து சேரும். நான் பார்த்த ஒரு தீவில் முதல் வருடம் ஒரு தாச்சி, அடுத்த வருடம் கம்பித் தட்டு, அதற்கடுத்த வருடம் பாதி காஸ் சிலிண்டரும் இரண்டு கதிரைகளும். போட்டவர்கள் எல்லாரும் யாருக்கோ உதவும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதே தீவில் ஒரு பைன் மரத்தில் மஞ்சள் நைலோன் கயிறு கட்டியிருந்தது. தறப்பாள் கட்டிய யாரோ முடிச்சு இறுகிவிட்டது என்று அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். மரம் பருத்து, பட்டை அந்தக் கயிற்றை விழுங்கியிருந்தது. வெளியே தெரிந்ததை வெட்டி எடுத்தேன், உள்ளே போனதை எடுக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் மரத்தைச் சுற்றி ஒரு பள்ளம், இடுப்பில் கயிறு இறுகிய தழும்பு மாதிரி. கரையோரம் தங்கூசி நூல், முனையில் ஈயக் குண்டோடு. நம் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிறதே லூன் பறவை, அது இரை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும்போது இந்த ஈயத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒரு குண்டு போதும், நஞ்சேறிச் செத்துப்போகும். அதனால் கதிரையைத் தூக்க முடியாவிட்டாலும் நூலையும் ஈயத்தையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பாரமே இல்லை.

கேள்வி: உணவுப் பைக்கற்றுகளையும் மிச்சச் சோற்றையும் நெருப்பில் போட்டு எரித்துவிட்டு வந்தால் குப்பை இல்லைத்தானே?
– மார்க்கம் வாசகர்

பதில்: குப்பைதான், அது அங்கேயே இருக்கும். வெறும் கடதாசி எரியும், சரி. உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள பைக்கற் எரியாது, பிளாஸ்ரிக் கருகி நச்சுப் புகையாகும், வெள்ளித் தாள் சாம்பலுக்குள் கிடக்கும். ஒருமுறை ஒரு குழியின் சாம்பலைக் கையால் அரித்தேன். ஈயம் ஊற்றியதுபோல் உருகி உறைந்த அலுமினியக் கட்டிகள், பாண் பையைக் கட்டும் கம்பிகள், ஒரு பற்றரி. எல்லாம் ஒரு பிடிக்குள் அடங்கியது.

மிச்சச் சோற்றைப் புதைத்தாலும் மிருகங்கள் கிண்டி எடுக்கும். மனிதர் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட்டுக்கொல்லும் நிலையும் வரலாம். அளவாகச் சமையுங்கள், மிஞ்சினால் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். மரப்பெட்டிக் கக்கூசுக்குள் குப்பையைத் தள்ளாதீர்கள், இன்னொரு மனிதர்தான் அதைக் கையால் எடுக்கவேண்டியிருக்கும்.

இன்னொன்று, அல்கொங்குவின் பூங்காவின் உட்பகுதிக்கு ரின்னில், போத்தலில் உணவோ பானமோ கொண்டுபோகவே கூடாது. எரிபொருள், மருந்து, நுளம்பு மருந்துக்கு விலக்கு உண்டு. நம்மவர்களின் ரின் மீனும் தேங்காய்ப்பால் ரின்னும் தடையில் அடங்கும். மாவாக வரும் தேங்காய்ப்பால் நல்ல மாற்று, பாரமும் குறைவு.

கேள்வி: இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜூலையில் போனபோது இரண்டாம் இரவு பெருமழை, காற்று. கூடாரத்தின் கம்பி முறிந்தது, எல்லாம் நனைந்துபோனது, சின்னவள் அழுதுகொண்டேயிருந்தாள். விடிந்ததும் கூடாரம், இரண்டு காற்று மெத்தை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?
– பிரம்ரன் வாசகர்

பதில்: தம்பி, பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்தது சரி, அந்தக் காலையில் நானும் அதைத்தான் முதலில் செய்திருப்பேன். ஆனால் பொருட்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பூங்கா அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குப்பை விடுவது அங்கே தண்டத்துக்குரிய குற்றம், அதை உங்களிடம் மறைக்கமாட்டேன், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால், அந்த ஐஸ் பெட்டியும் மெத்தைகளும் கார் பக்கத்தில் நிற்கும் முகாமுக்கு ஏற்றவை. மலிவு விற்பனையில் வாங்கிய பெரிய கூடாரம் காய்ந்திருக்கும்போதே பாரம், நனைந்தால் ஒருவரால் தூக்கி நடக்க முடியாது. நான் காட்டில் கண்ட கைவிட்ட சாமான்களில் பாதிக்குமேல் இந்த வகைதான். சோம்பலில் போட்டதாகத் தெரியவில்லை, கொண்டுபோகும்போது உற்சாகத்தில் சுமந்ததைத் திரும்பும்போது சுமக்கத் தெம்பு இல்லாமல் போயிருக்கிறது. அடுத்தமுறை புறப்படுவதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் பைகளில் கட்டி, தோளில் போட்டு, உங்கள் தெருவை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்தப் பெட்டி வீட்டில் நிற்கட்டும். பாரம் குறைந்த கூடாரத்தைப் பூங்கா வாசலருகே உள்ள கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம்.

பனி விழுவதற்கு முன் இன்னும் சில வாரவிறுதிகள் இருக்கின்றன. செப்ரெம்பரில் நுளம்பும் குறைவு. ஒரு நண்பரோடு, கனூவைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். கத்தி ஒன்று, தடித்த குப்பைப் பை நான்கு. மெத்தையைக் காற்று இறக்கிச் சுருட்டுங்கள், முறிந்த கம்பியின் சின்னத் துண்டுகள் இலைகளுக்குள் கிடக்கும், அவற்றையும் தேடி எடுங்கள். அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் அதே பாரத்தைச் சுமக்க வீணாக வரமாட்டார்கள்.