மாரடைப்பு வந்தவரின் ரத்தத்தில் வைட்டமினும் தாதுக்களும் குறைந்திருந்தால் மாத்திரை கொடுக்கலாமா?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் துத்தநாகம், இரும்பு, வைட்டமின் டி மூன்றும் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறைபாடுதான் காரணமா, உடனே மாத்திரை தொடங்கலாமா என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நான்கு வருடத்துக்கு முன் என் அப்பா ஐசியுவில் இருந்தபோது அண்ணன் இதே கேள்வியோடுதான் ஒரு ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

அந்த மூன்று எண்களையும் வைத்து இப்போது எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். இதயத் தசையில் ஒரு பகுதி சேதமானதும் உடம்பு முழுக்க அழற்சி கிளம்புகிறது. அப்போது கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் துத்தநாகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுவதால் இரும்பும் செல்களுக்குள்ளேயே தங்கிவிடும். அதே ரத்தத்தில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டினையும் செம்பையும் பார்த்தால் அவை ஏறியிருக்கும். வைட்டமின் சி இறங்கும், டி-யும் ஓரளவு இறங்கும். அட்டாக் வந்ததால் குறைந்ததை, குறைந்ததால் அட்டாக் வந்தது என்று நாம் தலைகீழாகப் படித்துவிடுகிறோம். என் அப்பாவின் துத்தநாகம் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒரு மாத்திரைகூடப் போடாமல், சரியான அளவுக்குத் திரும்பியிருந்தது.

என் அப்பாவின் ரிப்போர்ட்டில் என்னைப் பயமுறுத்தியது வேறொரு வரி. பொட்டாசியம் 3.1. சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மாரடைப்பின் வலியிலும் பதற்றத்திலும் பொங்கும் அட்ரினலின், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சிறுநீரிலும் ஏற்கெனவே போயிருக்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்கும் ஆபத்து கூடுகிறது. அது சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால்தான் ஐசியுவில் இதை அடிக்கடி எடுக்கிறார்கள். எங்கள் வேலையில் இன்னொன்றும் உண்டு: சாம்பிள் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். சந்தேகம் வந்தால் மறுபடி ரத்தம் கேட்போம், அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, குறைந்தால் ஆபத்து என்றால் ஏற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 38,689 பேரின் பதிவுகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் இருந்தவர்களிடம்தான் மரணம் மிகக் குறைவாக இருந்தது. அதற்கு முன்பு 4-க்கு மேல் வைத்திருப்பதே நல்லது என்று பலரும் நம்பினார்கள்.

மக்னீசியத்தின் கதையைக் கேட்டால் மாத்திரை ஆசை கொஞ்சம் அடங்கும். 1992-இல் லிமிட்-2 என்ற ஆய்வில் 2,316 பேரில் பாதிப் பேருக்கு ஊசி வழியாக மக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள். 28 நாளில் மரணம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. 1995-இல் ஐசிஸ்-4 அதையே 58,050 பேரிடம் செய்து பார்த்தபோது எந்தப் பலனும் தெரியவில்லை. 2002-இல் மேஜிக் ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. ஆனால் உண்மையிலேயே குறைவாக இருப்பவருக்கு மக்னீசியம் கொடுத்தே ஆக வேண்டும். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை விட்டுக்கொண்டே இருக்கும், எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. ரத்தத்தில் இருப்பது உடம்பின் மொத்த மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், அளவு சரியாகக் காட்டினாலும் உள்ளே பற்றாக்குறை இருக்கலாம்.

வைட்டமின்களின் நிலையும் இப்படித்தான். நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் நடந்த நார்விட் ஆய்வில், ஃபோலிக் அமிலமும் பி12-உம், இதய நோயோடு தொடர்புள்ளதாகக் கருதப்பட்ட ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தப் பொருளை நன்றாகக் குறைத்தன. அடுத்த அட்டாக் மட்டும் குறையவில்லை. வைட்டமின் ஈ-யாலும் இதயத்துக்குப் பலன் இல்லை என்று ஹோப் ஆய்வு காட்டியது. வைட்டல் ஆய்வில் 25,871 பேரில் பாதிப் பேர் தினம் 2,000 யூனிட் டி சாப்பிட்டார்கள், இதய நோய் குறையவில்லை. எலும்புக்காக டி தேவைப்படலாம், அது தனி விஷயம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்து, அப்போதும் குறைவென்றால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

அப்புறம், அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது கொடுத்திருந்தால் பொட்டாசியம் மாத்திரையோ சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்போ நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இந்த மருந்துகளே பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் கே கலந்த சத்து மாத்திரை அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். நீர் மாத்திரையும், பேன்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையும் நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தவர் என்றால் மக்னீசியம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதிய பட்டியலில் மக்னீசியமும் இல்லை, பொட்டாசியமும் இல்லை. நாளைக்கு மருத்துவர் வரும்போது முதலில் அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள்.