பௌர்ணமிக்குப் பர்வதமலை வேண்டாம்

கூட்டமில்லாத உச்சி வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமைதிதான் வேண்டுமென்றால் பௌர்ணமியை முதலில் விடுங்கள். அன்று உச்சிக்கு முன்னால் பாறையில் அடித்த கடப்பாரைகளே படியாக இருக்கும் கடப்பாரைப் படியில் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். பிரதோஷம், அமாவாசை, ஞாயிறு எல்லாவற்றையும் தவிர்த்து ஒரு சாதாரண செவ்வாய், புதன் பாருங்கள்.

அடிவார ஊரான தென்மாதிமங்கலம் வழியில் முதலில் படிகள், அப்புறம் கரடுமுரடான கல்பாதை. இன்னொரு அடிவார ஊரான கடலாடியிலிருந்து வரும் பாதையும் மேலே இதோடு சேர்ந்துகொள்ளும். இதுவரை நிதானமாக ஏறினால் போதும். கடைசிப் பகுதிதான் விஷயம். செங்குத்துப் பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருப்பார்கள். அதில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்த இரும்பு கையைச் சுடும், அதனால் விடியும்போதே கிளம்பிவிடுங்கள். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயிலை ஒட்டி நின்றால் ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர், மறுபக்கம் ஏரியும் வயலுமாகச் சமவெளி. காற்று ஆளைத் தள்ளும்.

அம்மா விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன்: ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி மாட்டிக்கொள்ளும். கடப்பாரைப் படிக்குக் கீழேயே துணைக்கு ஒருவரோடு உட்காரவைப்பது நல்லது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் கவரோடு தூக்கிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும்.